மாடித் தோட்டக்காரருக்கு எந்த டிரில் ஏற்றது?

வேளச்சேரி ஒரு காலத்தில் ஏரியையும் அதன் கீழ் இருந்த வயல்களையும் நம்பி வாழ்ந்த ஊர். இன்று ஏரி பெருமளவு சுருங்கிவிட்டது. சுற்றிலும் அடுக்கு மாடி வீடுகள். 2007-ல் பறக்கும் ரயில் வந்து சேர்ந்த பிறகு அங்கே காலி மனை கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது. ஆயினும் அந்த ஊரில் சாகுபடி நின்று போய்விட்டதாகச் சொல்ல முடியாது. மொட்டை மாடிகளில் கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன. கம்பிப் பந்தலில் புடலையும் பாகலும் தொங்குகின்றன. 2013-14-ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் பை, தென்னை நார்க்கழிவு, விதை முதலியவற்றை ஒரே தொகுப்பாக மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது.

இந்தத் தோட்டக்காரர்கள் மண் கலவை பற்றி நுணுக்கமாக விசாரிக்கிறார்கள். வேப்பம் புண்ணாக்கு எவ்வளவு, பஞ்சகவ்யத்தை எத்தனை பங்கு தண்ணீரில் கலக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் பீப்பாயில் ஓட்டை போட வேண்டும், பி.வி.சி. குழாயில் சொட்டு நீர்க் குழாயைச் சொருக வேண்டும், பந்தலுக்குக் கோண இரும்பைப் பூட்ட வேண்டும் என்று வரும்போது அந்த நிதானம் போய்விடுகிறது. நேரே கடைக்குப் போய், "நல்ல பெரிய டிரில்லிங் மிஷினாகக் கொடுங்கள், ஒரு தடவை வாங்கினால் காலத்துக்கும் உழைக்க வேண்டும்" என்று கேட்கிறார்கள். கடைக்காரரும் சந்தோஷமாகக் கான்கிரீட்டைக் குடையும் எந்திரத்தை எடுத்து மேஜை மீது வைக்கிறார்.

இது தவறான ஆரம்பம் என்பது என் கருத்து. மாடித் தோட்டத்துக்கும் வீட்டுப் பட்டறைக்கும் முதலில் வாங்க வேண்டியது எந்திரமே அல்ல. பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வைஸ் ஒன்று, சி-கிளாம்ப் இரண்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று, வேலைக்குத் தகுந்த நல்ல பிட்டுகள் நாலைந்து. இவற்றுக்குப் பணம் ஒதுக்கிய பிறகு மிச்சத்தில் சிறிய டிரில் ஒன்று வாங்கினால் போதும். பெரிய எந்திரம் வருஷத்தில் இரண்டு நாள்தான் தேவைப்படும். அந்த இரண்டு நாளைக்குத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் கூலி கொடுத்துவிடுவது சிக்கனம், கைவிரலுக்கும் நல்லது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், டிரில்லினால் வருகிற விபத்துகளில் பல, பொருளைச் சரியாகப் பிடிக்காததனால் வருபவை. இடக்கையில் தகட்டைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் எந்திரத்தை அழுத்துகிறோம். பிட் தகட்டை ஊடுருவி மறுபுறம் வெளிப்படும் அந்தக் கணத்தில் அதன் விளிம்பு தகட்டில் சிக்கிக்கொள்ளும். உடனே தகடு மின்விசிறி இறக்கை போலச் சுழலும். அதன் ஓரம் கத்திக்குச் சமம். தடித்த இரும்பை விட மெல்லிய தகடுதான் இந்த விஷயத்தில் அபாயமானது என்பது அநேகருக்குத் தெரியாது. எந்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாகக் கையை முறுக்கிவிடும். அரைக் குதிரைசக்தி மோட்டாரைக் கையால் தடுத்து நிறுத்த முடியாது என்பது கிணற்றில் பம்பு செட் வைத்திருக்கும் விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் உபயோகிக்கும் 13 மி.மீ. டிரில் பலவற்றின் மோட்டார் அதைவிடச் சக்தி கூடியது.

துளையிடுவதில் பலத்தை விடப் பொறுமைதான் முக்கியம் என்பது நம் நாட்டுக்குப் பழைய விஷயம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், இரும்பை விடக் கடினமான கல் மணிகள் துளையிட்ட நிலையிலும், வேலை பாதியில் நின்ற நிலையிலும் கிடைத்திருக்கின்றன. மின்சாரம் இல்லாத காலத்து வேலை அது. நம் தச்சர்களும் வில் போட்டு இழுக்கும் துரப்பணத்தைக் கொண்டே தேக்கிலும் வேங்கையிலும் ஆணித் துளை போட்டார்கள். கைத்துப்பாக்கி போலப் பிடித்து விசையை அழுத்தும் மின்சார டிரில்லுக்கு அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியார் காப்புரிமை பெற்றது 1917-ல்தான். விசையை அழுத்தியதும் வேலை நடப்பதால் நமக்குப் பொறுமை குறைந்துவிட்டது போலும்.

எந்திரங்களில் எத்தனை வகை?

கடையில் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்று போல இருக்கும். உள்ளே வேறு வேறு.

முதலாவது, சுழல மட்டும் செய்யும் சாதாரண டிரில். மரம், இரும்பு, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் இதுவே சரி. இரண்டாவது, 'இம்பாக்ட்' என்று சொல்கிற தட்டும் டிரில். இதனுள் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று உரசித் தட்டும். செங்கல் சுவருக்கு இது போதும். தட்டும் விசையை நிறுத்திவிட்டால் சாதாரண டிரில்லாகவும் உதவும். மூன்றாவது, ரோட்டரி ஹாமர். இதில் பிஸ்டன் காற்றை அழுத்தி அந்தக் காற்றின் வேகத்தால் பிட்டை அடிக்கிறது. கான்கிரீட்டுக்கு ஏற்றது. இதன் பிட்டின் அடிப்பகுதியில் காடி வெட்டியிருக்கும். சாதாரண பிட் இதில் பொருந்தாது. எஸ்.டி.எஸ். என்று கடைக்காரர் சொல்வது 1975-ல் பாஷ் கம்பெனி கொண்டுவந்த இந்தப் பொருத்து முறையைத்தான். இதை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் பீப்பாயில் நேர்த்தியாக ஓட்டை போட நினைப்பது, கடப்பாரையால் களை எடுப்பது போலத்தான்.

நாலாவது, பாட்டரியில் ஓடும் டிரில். 12 வோல்ட்டிலும் 18 வோல்ட்டிலும் கிடைக்கிறது. மாடித் தோட்டக்காரருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான், அதிலும் சிறியதான 12 வோல்ட் வகையை. காரணம் எளிது. தோட்டம் என்றால் ஈரம் இருக்கும். தொட்டியிலிருந்து வடிந்த தண்ணீர், காலில் செருப்பில்லாமல் நிற்கும் பழக்கம், கீழ் வீட்டிலிருந்து மாடி வரை இழுத்த ஒட்டுப்போட்ட ஒயர், இவை மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பாட்டரி டிரில்லில் 230 வோல்ட் உங்கள் கைக்கே வருவதில்லை. மேலும் இதன் கழுத்தில் எண்கள் போட்ட வளையம் ஒன்று இருக்கும். அதைச் சிறிய எண்ணில் வைத்துத் திருகாணி முடுக்கினால், குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் கடகடவென்று நழுவிவிடும். கையை முறுக்காது, திருகாணியின் தலையும் தேயாது. துளை போடும்போது மட்டும் பிட் படம் போட்ட இடத்துக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதை அநேகர் மறந்துவிட்டார்கள். பல்சக்கரம் வைத்து, கையால் சுற்றும் கை டிரில். இன்னமும் கிடைக்கிறது. சொட்டு நீர்ப் பாசனத்துக்குப் பி.வி.சி. குழாயில் ரப்பர் வளையம் சொருகத் துளை போடுவதற்கு இதை மிஞ்சியது எதுவுமில்லை. மெதுவாகச் சுற்றுவதால் பிளாஸ்டிக் உருகாது. துளை வட்டமாக வரும். துளை வட்டமாக இல்லாவிட்டால் ரப்பர் வளையத்தைச் சுற்றித் தண்ணீர் கசியும். பிறகு எத்தனை டேப் சுற்றினாலும் நிற்காது. வளையத்தை விற்பவரிடமே எத்தனை மி.மீ. பிட் வேண்டும் என்று கேட்டு அதே அளவை வாங்க வேண்டும். அரை மி.மீ. கூடினாலும் வளையம் தங்காது.

பெஞ்சு மீது நிற்கும் டிரில் பற்றியும் ஒரு வார்த்தை. கிராமத்தில் கலப்பைக் கொழு, டிரெய்லர் பூட்டு, கல்டிவேட்டர் சட்டம் என்று தடித்த இரும்பில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் தகும். வேளச்சேரி வீட்டுக்கு அவசியமில்லை.

பிட்தான் வேலை செய்கிறது

நல்ல எந்திரத்தில் மட்டமான பிட்டைப் போடுவதை விட, சாதாரண எந்திரத்தில் நல்ல பிட்டைப் போடுவது மேல். இருபது பிட் ஒரு பெட்டியில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். இரும்பில் இரண்டு துளை போட்டதும் அவற்றின் முனை நீலம் பாரித்து மழுங்கிவிடும். மழுங்கிய பிட்டை அழுத்த ஆரம்பிக்கிறோம். அழுத்தும்போது அது ஒடிகிறது. ஒடிந்த துண்டு முகத்தை நோக்கி வருகிறது. பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போனால் ஹை ஸ்பீடு ஸ்டீல் பிட்டுகளைத் தனித் தனியாகவே வாங்கலாம். 3, 5, 6, 8, 10 மி.மீ. அளவுகளில் ஒவ்வொன்று இருந்தால் தோட்ட வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும்.

இரும்பில் துளை போடும் முன் சென்டர் பஞ்சால் ஒரு குழி தட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓடும். 10 மி.மீ. துளை வேண்டுமானால் முதலில் 3, பிறகு 6, பிறகு 10 என்று போவது சுலபம். துளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நலம். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் ஏற்றது. அதை விட்டால் பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது. வார்ப்பிரும்புக்கு எதுவும் வேண்டாம். வேகத்தைப் பொறுத்தவரை, துளை பெரிதாகப் பெரிதாகச் சுழற்சி குறைய வேண்டும். சாதா இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 1,300 சுற்று போதும். 12 மி.மீ. பிட்டுக்கு அதில் பாதி. வேகம் மாற்ற முடியாத எந்திரத்தை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

மூங்கில் பந்தல் போடுகிறவர்கள் ஆணி அடித்து நுனியைப் பிளந்துவிடுகிறார்கள். கணுவை ஒட்டிய இடத்தில் கூரான பிட்டால் மெதுவாகத் துளையிட்டு, கம்பி கோத்துக் கட்டினால் பிளக்காது. மண் தொட்டியில் வடிகால் துளை இல்லாவிட்டால் அதை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் ஓடு துளைக்கும் பிட்டால், தட்டும் விசையைப் போடாமல், அழுத்தாமல் துளையிட வேண்டும். தட்டினால் தொட்டி இரண்டாகும்.

பிளாஸ்டிக்குக்குச் சாதாரண முறுக்கு பிட் அவ்வளவு உகந்ததல்ல. அதன் கூரான விளிம்பு பிளாஸ்டிக்கைக் கவ்வித் திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், பி.வி.சி. குழாயானால் விரிசல் விடும். படிப்படியாகப் பருத்துக்கொண்டு போகும் கூம்பு பிட் இருக்கிறது. பீப்பாய்க்கும் வாளிக்கும் அது அருமையான சாதனம். ஒரே பிட்டில் நாலைந்து அளவுத் துளை போடலாம், பிசிறும் வராது. மண்ணில்லாச் சாகுபடிக்காக 110 மி.மீ. குழாயில் கிண்ணம் வைக்கத் துளை போடுகிறவர்களுக்கு வட்ட ரம்பம் தேவை. கிண்ணத்தின் விளிம்பை விடத் துளை சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். குழாய்க்குள் ஒரு மரத்துண்டைச் சொருகிக்கொண்டால் வட்டம் கிழியாமல் வரும்.

மழை நீர்ப் பீப்பாய்க்குக் குழாய் வைப்பதில் நிறையப் பேர் ஏமாந்து போவதைப் பார்க்கிறேன். 'அரை அங்குலக் குழாய்' என்பதால் 12 அல்லது 13 மி.மீ. பிட் போதும் என்று நினைக்கிறார்கள். அரை அங்குலம் என்பது குழாய் அளவின் பெயர்தான். அதன் மரையின் வெளி விட்டம் சுமார் 21 மி.மீ. இருக்கும். முக்கால் அங்குலத்துக்கு 26.5, ஒரு அங்குலத்துக்கு 33 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவே அரை அங்குலக் குழாய்க்கு 21 அல்லது 22 மி.மீ. துளை வேண்டும். வாங்கிய சாமானை அளந்து பார்த்த பிறகே ரம்பத்தை எடுங்கள்.

பீப்பாய்க்குள் என்ன இருந்தது?

இது மிகவும் முக்கியமான விஷயம். நீல நிறப் பீப்பாய்களைக் காயலாங்கடையில் வாங்கி வந்து பாதியாக அறுத்து, ஓட்டை போட்டு, அதில் கீரை விதைக்கிறார்கள். நல்ல உபயோகந்தான். ஆனால் அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? ஊறுகாயும் பழக்கூழும் வந்த பீப்பாய் என்றால் பாதகமில்லை. தின்னர், பெயிண்ட், கரைப்பான் வகைகள் இருந்த பீப்பாயானால், அடியில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தாலே உள்ளே ஆவி நிறைந்திருக்கும். மின்சார டிரில்லின் கார்பன் பிரஷ்ஷில் எப்போதும் சிறு பொறி பறந்துகொண்டே இருக்கும். அந்தப் பொறி ஒன்று போதும், பீப்பாய் வெடிப்பதற்கு. இரும்புப் பீப்பாயானால் இன்னும் மோசம். லேபிள் கிழிக்கப்பட்ட பீப்பாயை, மோந்து பார்த்தால் மருந்து வாடை அடிக்கும் பீப்பாயை, சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பூச்சிமருந்து டப்பாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டிலும் திருவள்ளூரிலும் இருக்கும் நம் விவசாயிகள் ஐந்து லிட்டர் டப்பாவைக் கழுவி, ஓட்டை போட்டு, பூவாளியாகவும் செடித் தொட்டியாகவும் வைப்பதை இப்போதும் காணலாம். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகள், காலி டப்பாக்களை மறு உபயோகம் செய்ய முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்கின்றன. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் சுவரில் ஊறிய மருந்து முழுவதும் போகாது. அதைத் துளைக்கும்போது வரும் தூளும் கையில் ஒட்டும். கீரைத் தொட்டிக்கு அது லாயக்கில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டில் துளை போடுவதும் இந்த ரகம். கொடி ஏற்றுவதற்காகத் தகட்டில் கொக்கி மாட்டுகிறேன் என்று டிரில்லை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத நார்த் தூள் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். அதன் கெடுதல் பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரியும். தகட்டை அப்படியே விட்டுவிட்டுத் தனிக் கம்பத்தில் கொடியைக் கட்டுங்கள்.

மாடித் தரையில் கை வைக்காதீர்கள்

நிழல் வலைக்குக் கம்பம் நட வேண்டும் என்று மொட்டை மாடித் தரையில் தகடு வைத்து, ரோட்டரி ஹாமரால் நாலு துளை போட்டு, போல்ட் இறுக்கும் பழக்கம் சென்னையில் எங்கும் பரவி வருகிறது. இதை நான் முழுக்க எதிர்க்கிறேன். நம் மாடித் தரை வெறும் கான்கிரீட் அல்ல. கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு, அதன் மேல் தட்டோடு, ஓடுகளின் இடுக்கில் பூச்சு என்று தண்ணீரைத் தடுப்பதற்கென்றே ஒரு கவசம் போட்டிருக்கிறார்கள். அதை ஒரே ஒரு துளை போதும் கெடுப்பதற்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் அந்தத் துளை வழியே இறங்கி, ஓட்டுக்கு அடியில் பரவி, எங்கேயோ ஒரு மூலையில் கீழ் வீட்டுக் கூரையில் ஈரமாகத் தெரியும். எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அது மட்டுமல்ல. தளக் கம்பிகளை மூடியிருக்கும் கான்கிரீட் சாதாரணமாக இரண்டு மூன்று செ.மீ. கனம்தான். துளை வழியே இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை உதிர்க்கும். தளத்துக்கு உள்ளேயே கீழ் வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் போகும் மின்சாரக் குழாய்கள் ஓடுகின்றன. ஹாமர் பிட் அதில் போய் இறங்கினால் வேலை செய்கிறவர் உயிருக்கே ஆபத்து. தவிர, அடுக்கு மாடி வீட்டில் மொட்டை மாடி எல்லாருக்கும் பொதுவானது. ஒருவர் கத்தரிக்காய்க்காக மற்றவர் கூரை ஒழுகுவது நியாயமில்லை.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஜி.ஐ. குழாயை நட்டுக் கான்கிரீட் நிரப்பினால் சுமார் 45 கிலோ கனம் வரும். அப்படி நாலு வாளிகளை, கீழே சுவரோ உத்திரமோ இருக்கும் இடங்களாகப் பார்த்து வைத்து, மேலே குழாய்களைக் குறுக்கே பூட்டிக்கொண்டால் தரையில் ஒரு துளையும் வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தால் வலையைக் கழற்றிவிட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆலமரங்களையே சாய்த்த ஊர் இது. போல்ட் போட்டாலும் போடாவிட்டாலும் வலையோடு கம்பம் நிற்காது.

கைப்பிடிச் சுவரில் கொக்கி மாட்டுவது வேறு. அதற்குத் துளை போடலாம். 6 மி.மீ. பிளாஸ்டிக் செருகிக்கு 6 மி.மீ. கட்டட பிட். செங்கல் சுவரானால் தட்டும் விசை போடலாம். ஆனால் புதிய கட்டடங்களில் பல, எடை குறைந்த வெள்ளைக் கல்லால் கட்டப்படுகின்றன. அதில் தட்டினால் துளை பொக்கையாகி, செருகி கழன்று வந்துவிடும். சுழல் விசையில் மட்டும் துளைத்து, அந்தக் கல்லுக்கென்று விற்கும் செருகியைப் போட வேண்டும். வீட்டுக்குள்ளானால், ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடக் கூடாது. ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

உடையும் மின்சாரமும்

வேட்டியை மடித்துக் கட்டுங்கள். தோளில் துண்டு வேண்டாம். பெண்கள் துப்பட்டாவையும் புடைவைத் தலைப்பையும் இழுத்துச் சொருகி, தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டு, கூந்தலைக் கொண்டையாக முடிந்துகொள்ள வேண்டும். வளையல்களைக் கழற்றி வைப்பது நல்லது. கையுறை பாதுகாப்பு என்று நினைத்து நூல் கையுறை போட்டுக்கொள்கிறார்கள். டிரில் ஓட்டும்போது அதுதான் எமன். பிட்டில் ஒரு நூல் சிக்கினால் விரலையும் சேர்த்துச் சுற்றிவிடும். தகட்டைத் தூக்கும்போது கையுறை போடுங்கள். எந்திரத்தைத் தொடும்போது கழற்றிவிடுங்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு விசையை அழுத்துவது இன்னொரு பழக்கம். பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்க வேண்டும், அல்லது பாட்டரியைக் கழற்ற வேண்டும்.

மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். பக்கவாட்டில் திறந்திருக்கும் கண்ணாடி போதாது. கண்ணில் இரும்புத் துகள் விழுந்துவிட்டால் தேய்க்காதீர்கள். அக்கம்பக்கத்தார் நாக்கால் எடுப்பதற்கும் கைக்குட்டை நுனியால் எடுப்பதற்கும் இடம் கொடுக்காதீர்கள். கண் மருத்துவரிடம் போக வேண்டும். 1819-ல் தோன்றி இன்றும் நடந்து வரும் அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. துகள் கண்ணுக்குள்ளேயே தங்கித் துருப்பிடித்தால் பார்வை கெடும்.

ஒயர் வைத்த டிரில்தான் வீட்டில் இருக்கிறது என்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள். பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரட்டைக் காப்பு உள்ள எந்திரம். இல்லாவிட்டால் மூன்று முனை பிளக்கும் நல்ல எர்த்தும் அவசியம். இரண்டாவது, வீட்டு மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்று சொல்வார்கள். அது ஒயர் எரியாமல் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற ஏற்பட்டதல்ல. ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்து, அது விழுகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசும் கடைக்காரரும் செய்யக் கூடியது

வேளாண் பொறியியல் துறை டிராக்டரையும் அறுவடை எந்திரத்தையும் விவசாயிகளுக்கு வாடகைக்கு விடுகிறது. எல்லா விவசாயியும் சொந்தமாக டிராக்டர் வாங்க வேண்டியதில்லை என்கிற அதே நியாயம் நகரத்துத் தோட்டக்காரருக்கும் பொருந்தும். மாடித் தோட்டப் பொருள்கள் விற்கும் இடத்திலேயே வட்ட ரம்பம், கூம்பு பிட், சிறிய டிரில் ஆகியவற்றை நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். அதைவிட நல்லது, பீப்பாயையும் குழாயையும் கொண்டு வருகிறவர்களுக்கு அங்கேயே ஓட்டை போட்டுக் கொடுப்பது. ஒரு பீப்பாய்க்குப் பத்து நிமிஷ வேலை.

வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே கிண்டி. 1958-ல் தொழிற்பேட்டை தொடங்கிய இடம். அரசு தொழிற்பயிற்சி நிலையமும் அங்கே இருக்கிறது. பிட்டுக்கு முனை பிடிக்கவும், தகட்டை வைஸில் பூட்டவும், வேகத்தைத் தேர்ந்தெடுக்கவும் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் அங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அரை நாள் வகுப்பு வைத்தால் வீட்டுக்காரர்கள் கட்டணம் கொடுத்தே வருவார்கள் என்று நினைக்கிறேன். மழுங்கிய பிட்டைத் தூக்கி எறியாமல், 118 பாகைக் கோணத்தில் இரண்டு உதடும் சமமாக வரும்படி முனை பிடிப்பது ஒரு வித்தை. புத்தகம் படித்து வராது. பக்கத்தில் நின்று ஒருவர் காட்ட வேண்டும்.

கடைசியாக வேளச்சேரிக்காரர்களுக்கு மட்டுமான ஒரு குறிப்பு. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அந்தப் பகுதியில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கருவிப் பெட்டியைப் படிக்கட்டின் கீழ் வைப்பதுதான் வழக்கம். அதை மாடிக்குப் போகும் படியின் மேல் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய டிரில்லை வெயிலில் காய வைத்து அப்படியே பிளக்கில் சொருகிப் பார்க்கக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பிரித்துக் காய வைத்து, மெக்கரால் காப்பைச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும். மூழ்கிய லித்தியம் பாட்டரியைச் சார்ஜரில் போடவே வேண்டாம். வெளியே உலர்ந்திருந்தாலும் உள்ளே பிற்பாடு தீப்பிடிக்கலாம். அதை வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்திருந்து, மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் தீப்பிடிக்கும்.